அறை வெப்பத்தில் கலர் பிரிண்ட்: வெள்ளையையும் கறுப்பையும் பார்த்துப் பிழை கண்டுபிடிப்பது

பிரிண்டில் நிறம் கெட்டு வந்தால் கை முதலில் போவது என்லார்ஜரின் (நெகட்டிவைப் பெரிதாக்கிப் பேப்பரில் விழச்செய்யும் கருவி) ஃபில்டர் குமிழுக்குத்தான். அங்கேதான் பலரும் ஒரு பாக்கெட் பேப்பரை வீணாக்குகிறோம். குமிழைத் தொடும் முன் பிரிண்டில் மூன்று இடங்களைப் பாருங்கள். ஈஸல் (பேப்பரைப் பிடித்திருக்கும் சட்டம்) மறைத்த வெள்ளை ஓரம், படத்தின் மிக ஆழமான கறுப்பு, நடுவில் ஏதாவது ஒரு சாம்பல் (சிமெண்ட் தரை, தார் ரோடு, இப்படி). ஓரத்தின் வெள்ளை கெட்டிருந்தாலும், கறுப்பு கறுப்பாக இல்லாவிட்டாலும் கோளாறு டெவலப்பரில் (படத்தை வரவழைக்கும் மருந்து), பிளிக்ஸில் (பிறகு வெள்ளியை நீக்கும் மருந்து), பேப்பரில் அல்லது வெளிச்சக் கசிவில் இருக்கிறது. அதை ஃபில்டரால் சரிசெய்யவே முடியாது. வெள்ளை வெள்ளையாக, கறுப்பு கறுப்பாக இருந்து, சாம்பல் மட்டும் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால்தான் ஃபில்டர் வேலை.

நான் செய்வது

எங்கள் வீட்டுக் குளியலறைதான் என் டார்க் ரூம். சென்னை. புத்தகங்களில் அறை வெப்பம் என்றால் 20 டிகிரி. இங்கே மார்கழியிலும் அது கிடைக்காது. டிசம்பரில் 25, 26. சித்திரையில் இரவு பத்து மணிக்கும் 31.

கலர் நெகட்டிவ் பேப்பருக்கான ஆர்ஏ-4 முறை 1980களின் நடுவில் வந்தது. அதற்கு முன்பிருந்த இபி-2 முறையில் டெவலப்பருக்கு மட்டும் 33 டிகிரியில் மூன்றரை நிமிடம். ஆர்ஏ-4 பேப்பரின் வெள்ளி உப்பு பெரும்பாலும் குளோரைடு. அது வேகமாக டெவலப் ஆகும், 35 டிகிரியில் 45 விநாடியில் முடிந்துவிடும். அந்த 35 டிகிரி லேப் மிஷினின் வேகத்துக்காக வைத்தது. நமக்கு அந்த அவசரம் இல்லை. வெப்பம் குறைந்தால் நேரத்தைக் கூட்டிக்கொள்ளலாம், அவ்வளவுதான். லேப்களுக்கு விற்கும் டெவலப்பர் ரீப்ளனிஷரை (மிஷினில் தளரும் டெவலப்பரை ஈடுகட்டச் சேர்ப்பது) ஸ்டார்ட்டர் என்ற துணை மருந்து சேர்க்காமல் கலக்கிக்கொண்டால் இன்னும் நல்லது. ஸ்டார்ட்டர் டெவலப்பரின் வேகத்தைக் கட்டுப்படுத்தத்தான் இருக்கிறது; குறைந்த வெப்பத்தில் அந்தக் கட்டுப்பாடு தேவையில்லை.

என் கணக்கு இது: 24, 25 டிகிரி என்றால் டெவலப்பரில் 2 நிமிடம், 28 முதல் 30 வரை என்றால் ஒன்றரை நிமிடம். பிறகு ஸ்டாப் பாத்தில் (டெவலப்பரை நிறுத்தும் அமிலக் கரைசல்) 30 விநாடி, தண்ணீரில் ஒரு அலசல், பிளிக்ஸில் 2 நிமிடம், ஓடும் தண்ணீரில் 3 நிமிடம். ஸ்டாப் பாத்துக்கு மளிகைக் கடை வெள்ளை வினிகரே போதும். பாட்டிலில் 4 சதவீதம் என்று போட்டிருந்தால் சம அளவு தண்ணீர் சேர்க்கிறேன். பிளிக்ஸில் ஒரு நிமிடம் ஆனதும் லைட் போடலாம்.

டெவலப்பரைத் தொடும்போது நைட்ரைல் கையுறை கட்டாயம். அதிலிருக்கும் சிடி-3 என்ற மருந்து தோலில் ஒவ்வாமையைக் கிளப்பும். ஒருமுறை வந்துவிட்டால் பிறகு சிறு துளி பட்டாலும் திரும்ப வரும். இதை யாரும் இலேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கறுப்பு நீலமாக வருகிறது

அறை வெப்பத்தில் வேலை செய்பவர்களுக்கு அதிகம் வரும் பிழை இதுதான், அதனால் இதை விரிவாகச் சொல்கிறேன்.

பேப்பரில் மூன்று நிற அடுக்குகள் உண்டு. மேலே சயான் (பச்சை கலந்த நீலம்) சாயம் உண்டாகும் அடுக்கு, நடுவில் மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு), அடியில் மஞ்சள். டெவலப்பர் மேலிருந்து ஊறி இறங்குகிறது. நேரம் போதாவிட்டால் பின்தங்குவது அடியில் இருக்கும் மஞ்சள். சயானும் மெஜந்தாவும் சேர்ந்தால் நீலம். ஆகவே பாதி வெந்த பிரிண்டின் கறுப்பு நீலமாகவோ கத்தரிப்பூ நிறமாகவோ நிற்கும். இதைப் பார்த்துவிட்டு மஞ்சள் ஃபில்டரைக் குறைத்தால் நடுநிறங்கள் சரியானது போலத் தோன்றும். கறுப்பு அப்படியே இருக்கும், முகங்களின் வெளிச்சப் பகுதி மஞ்சளாகப் போகும்.

உங்கள் டெவலப்பருக்கும் உங்கள் அறைக்கும் எவ்வளவு நேரம் வேண்டும் என்பதை ஒரே மாலையில் கண்டுபிடித்துவிடலாம். நெகட்டிவ் வேண்டாம், ஃபில்டர் வேண்டாம். இருட்டில் ஒரு தாளை இரண்டு விரல் அகலத்துக்கு ஐந்து துண்டுகளாக வெட்டுங்கள். பேப்பர் வந்த கறுப்பு உறையிலிருந்து ஒரு துண்டு எடுத்து, ஐந்தையும் பாதி வரை அதற்குள் நுழைத்து மடியுங்கள். அறை விளக்கை இரண்டு விநாடி போட்டு அணையுங்கள். இப்போது ஒவ்வொரு துண்டிலும் பாதி முழு வெளிச்சம் வாங்கியது, பாதி வாங்காதது. எல்லைக் கோட்டில் சற்றுக் கசிந்திருக்கும், அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

முதல் துண்டை டெவலப்பரில் 30 விநாடி, அடுத்ததை 1 நிமிடம், பிறகு ஒன்றரை, 2, 3 நிமிடம் வையுங்கள். மற்ற எல்லாப் படிகளும் ஐந்துக்கும் ஒன்றே. கழுவிக் காயவைத்து வரிசையாக அடுக்கிப் பாருங்கள். நான் 25 டிகிரியில் செய்தபோது 30 விநாடித் துண்டு நாவற்பழத் தோல் மாதிரி இருந்தது. 1 நிமிடத் துண்டைத் தனியாகப் பார்த்தால் கறுப்பு என்றே சொல்லத் தோன்றும். 3 நிமிடத் துண்டின் பக்கத்தில் வைத்ததும் அதன் நீலம் பளிச்சென்று தெரிந்தது. ஒன்றரைக்கும் இரண்டுக்கும் நடுவில் இலேசான வித்தியாசம். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் எதுவுமில்லை. ஆக என் நேரம் 2 நிமிடம்.

இந்தப் பேப்பரிடம் ஒரு நல்ல குணம் உண்டு. டெவலப் ஆக வேண்டியது ஆகி முடிந்த பிறகு அதிகமாகும் நேரம் கெடுதல் செய்வதில்லை. 2 நிமிடத்துக்குப் பதில் இரண்டேகால் ஆனால் கண்ணுக்குத் தெரியாது. ஒன்றேகால் ஆனால் தெரியும். அதனால் தவறினால் நீண்ட பக்கமே தவறுங்கள். 3 நிமிடத் துண்டின் வெள்ளைப் பாதி வெள்ளையாகவே இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள், உங்களுக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்பது அதில் தெரியும்.

3 நிமிடத் துண்டும் நீலமாகவே வந்தால் குறை டெவலப்பரில் இருக்கிறது. புதிதாகக் கலந்த டெவலப்பர் நிறமில்லாமல் அல்லது வெளிர் வைக்கோல் நிறத்தில் இருக்கும். கட்டன் சாயா நிறத்துக்கு வந்துவிட்டால் காற்று அதை முடித்துவிட்டது என்று அர்த்தம். பாதி காலியான பாட்டிலில் வைத்தால் சீக்கிரம் போகும்; கழுத்து வரை நிரம்பிய சிறு பாட்டில்களில் பிரித்து வையுங்கள். ஒரு லிட்டரில் 8×10 தாள் இருபதுக்கு மேல் நான் போடுவதில்லை.

கறுப்பு பழுப்பாக, படம் முழுக்க மங்கல்

கறுப்பு வறுத்த காப்பிக்கொட்டை நிறத்தில் இருக்கிறது, நிறங்கள் எல்லாம் புழுதி படிந்த மாதிரி இருக்கின்றன என்றால் டெவலப்பரை விட்டுவிட்டு பிளிக்ஸைப் பாருங்கள். பிளிக்ஸ் இரண்டு வேலை செய்கிறது. டெவலப் ஆன வெள்ளியை மறுபடி உப்பாக்குகிறது, பிறகு எல்லா வெள்ளி உப்பையும் கரைத்து வெளியேற்றுகிறது. அது தளர்ந்துபோனால் சாயத்துக்கு அடியில் கொஞ்சம் வெள்ளி தங்கிவிடும், நிறம் அழுக்காகத் தெரியும். கறுப்பு செம்மை தட்டினால் இன்னொரு காரணமும் இருக்கலாம். தளர்ந்த பிளிக்ஸில் சயான் சாயத்தில் ஒரு பங்கு நிறமற்ற வடிவத்துக்கு மாறி நின்றுவிடும். சயான் குறைந்தால் மிஞ்சுவது சிவப்புதானே.

இந்தப் பிழையைச் சரிபார்ப்பது மிக எளிது, விளக்கு வெளிச்சத்திலேயே செய்யலாம். சந்தேகப்படும் பிரிண்டைப் பாதியாக வெட்டி, ஒரு பாதியைப் புதிதாகக் கலந்த பிளிக்ஸில் 4, 5 நிமிடம் போட்டுக் கழுவிக் காயவையுங்கள். இரண்டு பாதியையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் பழைய பிளிக்ஸைக் கொட்டிவிடலாம். பிரிண்டும் பிழைத்துவிடும். போன மாதப் பிரிண்டுகளைக்கூட இப்படி மீட்கலாம். அப்படி மீட்ட ஒரு படம் என் சுவரில் இருக்கிறது, பாட்டி வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்கிற படம். தண்டின் பச்சை திரும்பி வந்ததை டிரேயிலேயே பார்த்தேன்.

கலந்த பிளிக்ஸ் நாள்பட நிற்காது. அதன் ப்ளீச் பகுதியே ஃபிக்ஸர் பகுதியை மெல்லத் தின்னும். இரண்டையும் தனித்தனிப் பாட்டிலில் வைத்து அன்றைக்கு வேண்டிய அளவு மட்டும் கலக்குங்கள். அடியில் மஞ்சளாக வண்டல் இறங்கியிருந்தால் கந்தகம் பிரிந்துவிட்டது, அதை உபயோகிக்க வேண்டாம். ஸ்டாப் பாத்துக்கும் பிளிக்ஸுக்கும் நடுவில் ஒரு தண்ணீர் அலசல் சொன்னேனே, அது இதற்காகத்தான். ஒவ்வொரு தாளோடும் போகும் அமிலம் பிளிக்ஸை இந்தப் பக்கம் தள்ளும்.

வெள்ளை ஓரம் வெள்ளையாக இல்லை

இதற்கு மூன்று துண்டுச் சோதனை. முழு இருட்டில், எல்லா விளக்கும் அணைத்து, பாக்கெட்டிலிருந்து நேராக ஒரு துண்டை எடுத்து டெவலப்பரே இல்லாமல் பிளிக்ஸில் போடுங்கள். இரண்டாவதை வழக்கம்போல எல்லாப் படிகளிலும் கொண்டுபோங்கள். மூன்றாவதை என்லார்ஜர் மேடையில், விளக்குப் போடாமல், நீங்கள் வழக்கமாக ஒரு பிரிண்டுக்கு எடுத்துக்கொள்ளும் நேரம் வரை வைத்திருந்து பிறகு டெவலப் செய்யுங்கள்.

முதல் துண்டுதான் அளவுகோல், இதற்கு மேல் வெள்ளை உங்களுக்குக் கிடைக்காது. முதலாவது வெள்ளை, இரண்டாவது அழுக்கு என்றால் ஒன்று பேப்பர் பழையது, அல்லது டெவலப்பரில் பிளிக்ஸ் கலந்துவிட்டது. பழைய பேப்பரில் பெரும்பாலும் வெளிர் மஞ்சளோ இளஞ்சிவப்போ ஏறியிருக்கும். நம் வெப்பத்தில் பேப்பரை அலமாரியில் வைத்தால் சீக்கிரமே இந்த நிலைமைதான். பாக்கெட்டை நன்றாகக் கட்டி ஃபிரிட்ஜில் வையுங்கள். எடுத்ததும் திறக்காமல் சில மணி நேரம் வெளியே இருக்க விடுங்கள், இல்லாவிட்டால் தாளில் வியர்த்துவிடும்.

டெவலப்பரில் பிளிக்ஸ் விழுவது இன்னும் மோசம். சில சொட்டுகள் போதும், மொத்த டெவலப்பரும் போய்விடும். இருட்டில் ஒரே இடுக்கியை இரண்டு டிரேக்கும் பயன்படுத்தினால் ஒருநாள் நடந்தே தீரும். என்னிடம் டிரேக்கு ஒரு இடுக்கி. டெவலப்பர் இடுக்கியின் பிடியில் ரப்பர் பேண்ட் சுற்றியிருக்கிறேன், தொட்டாலே தெரியும். டெவலப்பர் டிரே எப்போதும் இடது கோடி, பிளிக்ஸ் வலது கோடி. மேலிருந்து தெறித்தாலும் எட்டாது.

இரண்டாவது வெள்ளை, மூன்றாவது மட்டும் அழுக்கு என்றால் வெளிச்சக் கசிவு. இருட்டில் பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்தால் கண்ணுக்கே தெரியவரும். கதவின் அடி, எக்ஸாஸ்ட் ஃபேன் துவாரம், கீசரின் சிவப்பு இண்டிகேட்டர் விளக்கு. அந்தச் சின்ன சிவப்பு எல்இடியை அலட்சியம் செய்யாதீர்கள். சிவப்பு ஒளி பேப்பரில் சயான் சாயமாக மாறும், ஓரம் மெல்லிய சயானில் நின்றால் முதலில் அதைத்தான் தேட வேண்டும். கறுப்பு வெள்ளைக்கு வைத்திருந்த சிவப்பு சேஃப்லைட்டைக் கலர் பேப்பருக்குப் போடவே கூடாது. மிக மங்கலான 590 நானோமீட்டர் அளவிலான ஆம்பர் விளக்கைப் பேப்பர் ஓரளவு பொறுத்துக்கொள்ளும் என்றாலும், முழு இருட்டில் பழகிவிடுவதே என் சிபாரிசு. இருபது தாளுக்குப் பிறகு கை தானாகப் போகும்.

கோடுகள், திட்டுகள்

இளஞ்சிவப்பாகவோ சயானாகவோ அலை அலையாகக் கோடுகள் வந்தால் டெவலப்பர் தாளிலேயே ஒட்டிக்கொண்டு பிளிக்ஸுக்குள் போயிருக்கிறது. அங்கே போயும் சாயம் உண்டாக்கிக்கொண்டே இருக்கும், ஒரு இடத்தில் அதிகம், ஒரு இடத்தில் குறைவு. ஸ்டாப் பாத்தை விட்டுவிட்டுத் தண்ணீரால் சமாளிக்கப் பார்ப்பவர்களுக்கு இது வரும். தாளை டெவலப்பரிலிருந்து எடுத்ததும் ஒரு மூலையைப் பிடித்துப் பத்து விநாடி வடியவிடுங்கள், பிறகு ஸ்டாப் பாத். பிளிக்ஸ் டிரேயிலிருந்து அம்மோனியா நெடி வந்தால் டெவலப்பர் அதில் நிறையக் கலந்துவிட்டது என்று மூக்கே சொல்லிவிடும்.

டிரேக்குப் பதில் உருளும் டிரம்மில் தாளை வைத்துச் செய்பவர்களுக்குக் கோடு வேறு காரணத்தால் வரும்: டிரம் சமமாக உருளவில்லை, அல்லது மருந்து போதவில்லை. ரசமட்டம் வைத்துப் பாருங்கள். 8×10 தாளுக்கு 100 மில்லிக்குக் குறைக்காதீர்கள்.

நேற்று வந்த நிறம் இன்று வரவில்லை

அதே நெகட்டிவ், அதே ஃபில்டர், அதே நேரம். நிறம் மட்டும் வேறு. இதற்காக நான் இரண்டு வாரம் அலைந்திருக்கிறேன். டெவலப்பரைப் புதிதாகக் கலந்தேன், பேப்பர் பாக்கெட்டை மாற்றினேன், துண்டுச் சோதனையில் வெள்ளையும் கறுப்பும் அருமையாக வந்தன. ஆனாலும் ஏழு மணிக்குப் போட்ட பிரிண்ட் ஒரு மாதிரி, ஒன்பது மணிப் பிரிண்ட் வெளுத்து, சயானும் நீலமுமாகச் சாய்ந்து. கடைசியில் மல்டிமீட்டரை பிளக்கில் செருகி வைத்தேன். ஏழு மணிக்கு 228 வோல்ட். ஒன்பது மணிக்கு, தெருவில் எல்லா ஏசியும் ஓட ஆரம்பித்த பிறகு, 204.

ஹாலஜன் பல்புக்கு வோல்டேஜ் இறங்கினால் வெளிச்சம் குறைவதோடு நிறமும் மாறும். ஒளியில் நீலம் குறைந்து சிவப்பு கூடும். நெகட்டிவிலிருந்து போடும்போது சிவப்பு ஒளி சயான் சாயத்தையும், நீல ஒளி மஞ்சள் சாயத்தையும் உண்டாக்குகிறது. ஆகவே படம் வெளுத்து, சயான்-நீலப் பக்கம் போகும். என்லார்ஜருக்கென்று ஒரு நல்ல ஸ்டெபிலைசர் வாங்கிப் போட்ட நாளோடு அந்தத் தொல்லை ஒழிந்தது. துண்டுச் சோதனையில் வெள்ளையும் கறுப்பும் சரியாக வந்தபோதே ரசாயனத்தைச் சந்தேகிப்பதை நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

வோல்டேஜ் நிலையாக இருந்தும் நிறம் நகர்ந்தால் வெப்பம். ஐஸ் போட்டு 24க்கு இறக்கிவிட்டு அது மெல்ல 29க்கு ஏறுவதைவிட, அன்றைய 29ஐ ஏற்றுக்கொண்டு மாலை முழுக்க அதையே காப்பது மேல். டிரேயைத் தண்ணீர் நிரம்பிய பெரிய டப்புக்குள் வைத்தால் இரண்டு மணி நேரம் ஒரு டிகிரிகூட அசையாது. கோடையில் மொட்டைமாடித் தொட்டியின் தண்ணீர் சாயங்காலமும் சுடும்; கழுவுவதற்கு முந்தின இரவே வாளிகளில் பிடித்து வைத்துவிடுங்கள்.

வெள்ளையும் கறுப்பும் சரி, நிறம் சாய்கிறது

இப்போது குமிழைத் தொடலாம். விதி ஒன்றுதான்: பிரிண்டில் எந்த நிறம் அதிகமோ அந்த ஃபில்டரைக் கூட்டு. மெஜந்தா அதிகம் என்றால் மெஜந்தாவைக் கூட்டு, மஞ்சள் என்றால் மஞ்சளை. சிவப்பு என்றால் இரண்டையும். எதிர்ப்பக்கம் போயிருந்தால் குறைப்பது: பச்சைக்கு மெஜந்தாவைக் குறை, நீலத்துக்கு மஞ்சளைக் குறை, சயானுக்கு இரண்டையும் குறை. சயான் ஃபில்டரைப் பூஜ்யத்திலேயே விட்டுவிடுங்கள். மூன்றையும் சேர்த்தால் வெளிச்சத்தைத்தான் சாம்பலாக்குகிறோம். குமிழின் அளவில் 5 என்பது இலேசான மாற்றம், 10 நன்றாகத் தெரியும், 20 பெரிய தாவல். மெஜந்தாவைக் கூட்டினால் வெளிச்ச நேரத்தையும் சற்றுக் கூட்ட வேண்டும். மஞ்சளுக்கு அநேகமாகத் தேவைப்படாது.

ஈரத் தாளைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஈரத்தில் மேற்பரப்பு பால் தெளித்த மாதிரி நீலம் பூத்திருக்கும். ஹேர் டிரையரால் முழுக்கக் காயவைத்து, எப்போதும் ஒரே விளக்கின் கீழ் பாருங்கள். நான் காலையில் வடக்குப் பார்த்த ஜன்னலில் மறுபடி பார்க்காமல் எந்தப் பிரிண்டையும் முடிந்ததாக வைப்பதில்லை.

நிழல் ஒரு நிறம், வெளிச்சம் ஒரு நிறம்

நிழல் பச்சை, வெளிச்சம் இளஞ்சிவப்பு. ஒன்றைச் சரிசெய்தால் மற்றது கெடுகிறது. இதற்கு ஃபில்டரில் வழியில்லை. முதலில் டெவலப்பர் நேரத்தை மேலே சொன்ன துண்டுகளால் சரிபாருங்கள். அது சரி என்றால், முன்பு நல்ல பிரிண்ட் கொடுத்த ஒரு நெகட்டிவைப் போட்டுப் பாருங்கள். அது ஒழுங்காக வந்தால் குறை நெகட்டிவில்: காலாவதியான ஃபிலிம், அல்லது ஃபிலிம் டெவலப்பரின் வெப்பம் தவறியிருக்கிறது. பிரிண்ட் டெவலப்பர் அறை வெப்பத்தைப் பொறுத்துக்கொள்கிறது என்பதால் ஃபிலிமும் பொறுத்துக்கொள்ளும் என்று நினைத்துவிடக் கூடாது. ஃபிலிமுக்கான சி-41 முறைக்கு 37.8 டிகிரிதான்.

சில்லறைக் கோளாறுகள்

தாள் வெள்ளை வெளேரென்று வந்தால் வெளிச்சம் படவில்லை, அல்லது இருட்டில் முதலில் பிளிக்ஸில் போட்டுவிட்டீர்கள். படம் இடவலம் மாறி, மங்கி வந்தால் தாளைத் தலைகீழாக வைத்திருக்கிறீர்கள். பேப்பர் இலேசாக உட்பக்கம் வளைந்திருக்கும் பக்கமே மருந்துப் பக்கம். சந்தேகம் இருந்தால் ஓரத்தில் ஈர விரலை வையுங்கள், ஒட்டும் பக்கம் அதுவே. வெள்ளைப் புள்ளிகள் நெகட்டிவின் மேல் இருக்கும் தூசி. கறுப்புப் புள்ளி என்றால் நெகட்டிவின் மருந்து அந்த இடத்தில் உரிந்திருக்கிறது, துடைத்துப் பயனில்லை.